டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சட்டமன்ற ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவ நிதியுதவித் திட்டத்தின் பெயரில் வருகிறவர் என்ற அளவிலேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பலர் அறிந்திருக்கிறார்கள். அவருடைய பிறந்த நாளான ஜூலை 30 நெருங்கும்போது பேச்சுப் போட்டிக்குக் குறிப்புக் கேட்டு வரும் மாணவர்களுக்கும், அவர்களை அழைத்து வரும் பெற்றோருக்கும் சில ஆண்டுகளாக வாய்மொழியாகவே பதில் சொல்லி வந்தேன். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. அவருடைய மருத்துவப் பணியைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அவர் சட்டமன்றத்தில் இருந்த 1927 முதல் 1930 வரையிலான காலத்தையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன்.

அவங்க யாரு, எந்த ஊரு? முதல்ல சுருக்கமா சொல்லுங்க.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், இன்று இசை வேளாளர் என்று அறியப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1927 ஜனவரி முதல் 1930 மே வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்தார். பின்னர் ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லத்தையும், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கினார். 1956-இல் பத்மபூஷண் பெற்றார், 1968-இல் காலமானார்.

ரெட்டின்னா அவங்க ரெட்டியார் சாதியா?

இல்லை. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்த பிறகு வந்த பெயர் அது. தன்னைச் சரிசமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்ட பிறகே அவர் இந்தத் திருமணத்துக்குச் சம்மதித்தார். சட்டமன்ற ஆவணங்களில் எஸ். முத்துலட்சுமி ரெட்டி என்று காணப்படும்.

அவங்க எம்.எல்.ஏ.வா, எம்.எல்.சி.யா? புத்தகத்துக்குப் புத்தகம் மாத்தி மாத்திப் போட்டிருக்கே?

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி 1921 முதல் 1937 வரை சென்னை மாகாணத்துக்கு ஒரே ஒரு அவைதான் இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் 'லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்' என்று பெயர். மேலவை, கீழவை என்ற பிரிவு 1937-இல்தான் வந்தது. பழைய 'கவுன்சில்' என்ற பெயர் மேலவைக்குப் போய்விட்டது. அந்தப் பெயரை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் அவரை மேலவை உறுப்பினர் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் இருந்த காலத்தில் அந்த அவைக்கு மேலேயும் கீழேயும் வேறு அவை கிடையாது. ஆகவே 'சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்' என்று எழுதினால் போதும்.

எந்தத் தொகுதியில நின்னு ஜெயிச்சாங்க?

எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. அந்த அவையில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; மற்றவர்கள் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்களும் பதவி வழியாக வந்தவர்களும் ஆவர். முத்துலட்சுமி நியமன உறுப்பினர்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-லேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது என்றாலும், சொத்தோ வரியோ கணக்கில் காட்டக்கூடியவர்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது. உறுப்பினராகும் உரிமை 1926-இல்தான் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாய சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தேர்தல் வழியாக ஒரு பெண்கூட உள்ளே வராத நிலையில், நியமன இடங்களில் ஒன்றையாவது ஒரு பெண்ணுக்குத் தர வேண்டும் என்று இந்திய மாதர் சங்கம் வலியுறுத்தி முத்துலட்சுமியின் பெயரைப் பரிந்துரைத்தது. மேல்படிப்புக்காக இங்கிலாந்து சென்றுவிட்டுத் திரும்பியிருந்த அவர், மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்று முதலில் தயங்கினார்.

நியமன உறுப்பினர்னா அரசாங்கம் சொல்றதுக்குத் தலையாட்டற ஆள்தானே?

பெரும்பாலோருக்கு அது பொருந்தும். 1926 தேர்தலில் காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சியே தனிப்பெரும் கட்சியாக வந்தது. ஆனால் சில துறைகள் இந்திய அமைச்சர்களிடமும் மற்றவை ஆளுநரிடமும் இருந்த இரட்டையாட்சியில் பதவி ஏற்க அது மறுத்துவிட்டது. சுயேச்சையான டாக்டர் ப. சுப்பராயன் முதல் அமைச்சரானார். தமக்கென்று உறுதியான கட்சிப் பெரும்பான்மை இல்லாத அவர், வாக்கெடுப்புகளில் நியமன உறுப்பினர்களை நம்பியே காலம் தள்ள வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் நியமன உறுப்பினரின் வேலை, மணி அடித்ததும் வந்து கை தூக்கிவிட்டுப் போவதுதான்.

முத்துலட்சுமி அப்படி இருக்கவில்லை என்பதற்கு அவருடைய பேச்சைவிட அவர் கொண்டுவந்த மசோதாக்களே சான்று. எந்தக் கட்சியிலும் சேராதவர் என்பதால் சுயராஜ்யக் கட்சியினரிடமும் நீதிக்கட்சியினரிடமும் அவரால் ஆதரவு கேட்க முடிந்தது. அதிலிருந்த பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அவர் நகர்ந்துவிட்டால் அவருடைய மசோதாவைத் தூக்கிப் பிடிக்கக் கட்சி என்று ஒன்று பின்னால் இல்லை. பதவி விலகலைப் பற்றிய கேள்வியில் இது மறுபடியும் வரும்.

துணைத் தலைவர்னா சும்மா அலங்காரப் பதவியா?

அவைத் தலைவர் இல்லாத நேரங்களில் அவையை நடத்துகிற பொறுப்பு. இன்றைய துணை சபாநாயகரைப் போல. புதிய அவை கூடிய உடனேயே உறுப்பினர்கள் அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். உறுப்பினர் பதவி நியமனத்தால் வந்தது, துணைத் தலைவர் பதவி தேர்தலால் வந்தது. மாணவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். சட்டமன்றம் ஒன்றில் இப்பதவிக்கு வந்த உலகின் முதல் பெண் என்று பரவலாக எழுதப்படுகிறது. என்னிடம் கேட்பவர்களுக்கு 'இந்தியாவில் முதல் பெண்' என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். அதுவே குறைவான பெருமை இல்லை.

இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், முதல் பெண் மருத்துவர்னு எழுதலாமா?

'பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்' என்று எழுதலாம். சமஸ்தானங்களையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு மாறும். திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அதற்கு முன்பே நியமிக்கப்பட்டிருந்தார். அவரும் மருத்துவர் என்பது தற்செயலாக அமைந்ததன்று. படித்த பெண் என்றால் மருத்துவர் அல்லது ஆசிரியை என்றிருந்த காலம் அது.

முதல் பெண் மருத்துவர் என்பது தவறு. கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும், அமெரிக்காவில் படித்த ஆனந்திபாய் ஜோஷியும் முத்துலட்சுமி பிறந்த அதே 1886-இல் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டார்கள்.

தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1927-ஆ, 1929-ஆ, 1930-ஆ, 1947-ஆ? நாலு வருஷமும் நாலு புத்தகத்துல இருக்கு.

நான்கும் சரி, நான்கும் வெவ்வேறு. 1927 நவம்பரில் நிறைவேறியது ஒரு தீர்மானம். 1929-இல் வந்தது கோயில் மானிய நிலங்களைப் பற்றிய ஒரு சட்டத் திருத்தம். 1930-இல் அவர் அறிமுகப்படுத்தியது, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கான பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதா, அது நிறைவேறவில்லை. 1947-இல்தான், வேறொரு சட்டமன்றத்தில், முழுத் தடைச் சட்டம் வந்தது.

தீர்மானம் என்பது அவையின் விருப்பத்தை அரசுக்குத் தெரிவிப்பது மட்டுமே. அதனால் யாரையும் தண்டிக்க முடியாது. பிறகு ஏன் அதில் தொடங்கினார்? 18 வயதுக்குட்பட்ட சிறுமியரை விபசார நோக்கத்துக்காகக் கொடுப்பதும் வாங்குவதும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகளின்படி அப்போதே குற்றம்தான். ஆனால் நோக்கத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எளிதன்று. கோயிலில் பொட்டுக்கட்டும் சடங்கு நடந்து முடிந்து பல ஆண்டுகள் கழித்தே எதுவும் வெளியே தெரியும்; 18 வயதைத் தாண்டிய பெண் என்றால் அந்தப் பிரிவுகள் எட்டவே எட்டா. சடங்கையே குற்றமாக்க வேண்டுமானால் டெல்லியில் சட்டம் வர வேண்டும், அல்லது இங்கே சட்டம் செய்ய இந்திய அரசு இசைய வேண்டும். ஆகவே, மத்தியில் சட்டம் கொண்டுவரும்படி பரிந்துரைக்க வேண்டும் என்று மாகாண அரசைக் கேட்கும் தீர்மானத்தை அவர் முன்மொழிந்தார். அவை எதிர்ப்பின்றி அதை ஏற்றது. மதத்தில் தலையிட மாட்டோம் என்று சொல்லி வந்த அரசு, இந்தியப் பிரதிநிதிகளே ஒருமுகமாகக் கேட்கிறார்கள் என்ற நிலையில் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாமல் போயிற்று.

1929 சட்டம் நிலத்தைப் பத்தினதுன்னீங்க. நிலத்துக்கும் பொட்டுக்கட்டுறதுக்கும் என்ன சம்பந்தம்?

என்னைக் கேட்டால், அவருடைய சட்டமன்ற வேலையில் மிகவும் கூர்மையானது இதுதான். ஆனால் பேச்சுப் போட்டிகளில் இதைத் தவிர மற்ற எல்லாம் வந்துவிடுகிறது.

கோயிலில் ஆடல், பாடல், விளக்கெடுத்தல் முதலான ஊழியத்துக்காக ஒரு குடும்பத்துக்கு இனாம், அதாவது மானிய நிலம் விடப்பட்டிருக்கும். நிலத்தின் விளைச்சலோ, அதில் அரசுக்குச் சேர வேண்டிய மேல்வாரப் பங்கோ அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். தாய்க்கு வயதாகும்போது அவள் இடத்துக்கு மகளோ பேத்தியோ வந்தாக வேண்டும். பெண் குழந்தை இல்லாவிட்டால் ஒரு பெண்ணைத் தத்தெடுத்துப் பொட்டுக்கட்ட வேண்டும். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி 'எனக்கு இது வேண்டாம், கல்யாணம் செய்துகொள்கிறேன்' என்று சொன்னால், அவள் வேண்டாம் என்று சொல்வது தன் வாழ்க்கை முறையை மட்டுமல்ல, பாட்டியும் அம்மாவும் தம்பிகளும் சாப்பிடுகிற நெல்லையும் சேர்த்துத்தான். வழக்கத்தைக் காலங்காலமாகக் கட்டி வைத்திருந்தது பக்தி மட்டும் என்று சொல்பவர்கள் இந்த வரவு செலவைப் பார்ப்பதில்லை.

முத்துலட்சுமி கைவைத்தது அந்த முடிச்சில். இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் 1929-இல் சட்டமாயிற்று. அதன்படி இனாம் வைத்திருந்த பெண்கள் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஊழியத்துக்குப் பதிலாக நிர்ணயிக்கப்பட்ட தொகையைக் கோயிலுக்குச் செலுத்தினால் போதும், நிலத்தை விட வேண்டியதில்லை. பொட்டுக்கட்டுவதை இந்தச் சட்டம் தடை செய்யவில்லை. கட்டாவிட்டால் சோறு போய்விடும் என்ற பயத்தை மட்டும் எடுத்துவிட்டது. மேலும், அறநிலையம் மாகாண அமைச்சரின் பொறுப்பிலிருந்த துறை. தண்டனைச் சட்டத்தைப் போல டெல்லியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எந்தக் கதவு திறக்கும் என்று பார்த்துத் தட்டியிருக்கிறார்.

1947 சட்டத்துல என்ன இருந்துச்சு?

பொட்டுக்கட்டுவது சட்டவிரோதம், அதை நடத்துபவர்களுக்கும் துணைபோகிறவர்களுக்கும் தண்டனை உண்டு என்றது. ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண், அந்தக் காரணத்தால் திருமணத் தகுதியை இழந்தவள் ஆக மாட்டாள் என்றும் சொன்னது. அந்தப் பெண்களுக்கு முன்னதைவிடப் பின்னதே பெரிது என்பது என் எண்ணம். இந்தச் சட்டம் வந்தபோது சென்னையில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

தேவதாசிகளே எதிர்த்தாங்களாமே, அது உண்மையா?

உண்மை. சங்கமாகக் கூடி அரசுக்கு மனு கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டியெழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த எதிர்ப்பில் முன்னின்றவர்களில் ஒருவர். தேவதாசி வேறு, விலைமகள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிச் சட்டம் செய்யாதீர்கள். எங்களுக்குக் கல்வி கொடுங்கள், கலையைக் காப்பாற்றுங்கள் என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். பிற இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமை என்ற பேச்சே இல்லாத காலத்தில், இச்சமூகத்துப் பெண்கள் தங்கள் பெயரில் சொத்து வைத்திருந்தார்கள், மகளுக்குக் கொடுத்தார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. இழப்பதற்கு அவர்களிடம் உண்மையாகவே ஏதோ இருந்தது.

மறுபக்கத்திலும் அதே சமூகத்தவர் இருந்தார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தாமே அந்த வாழ்க்கையிலிருந்து வெளியேறி, ஊர் ஊராகப் பொட்டறுப்புக்காகப் பேசியவர். சுயமரியாதை இயக்கமும் காந்தியும், வேறு விஷயங்களில் எதிரும் புதிருமாக நின்றாலும், இதில் ஒரே பக்கம் நின்றார்கள். முத்துலட்சுமியின் தாயும் தேவதாசிகளின் சமூகமான இசை வேளாளர் சமூகத்தவர்தான், முதல் பதிலில் சொன்னேன். அவர் வெளியிலிருந்து வந்து தீர்ப்புச் சொன்னவர் அல்லர். அதே நேரத்தில், தன் தாயின் உலகத்தில் கலை என்று ஒன்று இருந்ததை அவர் போதுமான அளவு மதிக்கவில்லை என்ற குறைகூறலிலும் பொருள் இருக்கிறது. 1932-இன் இறுதியில் தேவதாசிகள் ஆடி வந்த சதிர் நடனத்தைப் பற்றி அவருக்கும் அதை ஆதரித்த ஈ. கிருஷ்ண ஐயருக்கும் பத்திரிகைகளில் நடந்த விவாதத்தைப் படிப்பவர்கள் இதை உணரலாம்.

இது ஒண்ணைத் தவிர வேற எதுவும் செய்யலையா?

செய்தார். திருமண வயதை ஆணுக்குக் குறைந்தது 21, பெண்ணுக்குக் குறைந்தது 16 என்று உயர்த்த வேண்டும் என்று பரிந்துரைக்கும்படி 1928-இல் அவையில் வலியுறுத்தினார். அடுத்த ஆண்டு மத்தியில் நிறைவேறிய சாரதா சட்டம் 18, 14 என்று நின்றுவிட்டது. அவர் கேட்டதைவிடக் குறைவு. பெண்களை வைத்து வணிகம் செய்வதை ஒடுக்கும் சட்டம் 1930-இல் சென்னையில் வந்ததற்கும் ஆதரவாக உழைத்தார். முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி, ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை என்று கேட்டவை இன்னும் உண்டு.

எல்லாரும் சைமனே திரும்பிப் போன்னு கத்துறப்ப இவங்க அந்தக் கமிஷனோட கமிட்டியில உறுப்பினரா இருந்தாங்களே?

கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர், நல்ல கேள்வி. இந்தியர் ஒருவர்கூட இல்லை என்று காங்கிரஸ் முதலானோர் புறக்கணித்தது சைமன் கமிஷன்; கல்வியைப் பற்றி ஆராய அது அமைத்த துணைக்குழுதான் ஹார்ட்டாக் குழு. முத்துலட்சுமி அதில் உறுப்பினராக இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெண் கல்வி பற்றிப் பேச அந்த மேசையில் ஓர் இந்தியப் பெண் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். புறக்கணிப்பு என்ற அரசியலை ஏற்றவர்களுக்கு அது உறுத்தியது. கட்சி சாராதவர் என்று முன்பு சொன்னதற்கு இரண்டு முகம் உண்டு என்பதற்கு இதுவே உதாரணம்.

அப்படிப்பட்டவங்க ஏன் ராஜினாமா பண்ணாங்க? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா மசோதா அப்பவே நிறைவேறியிருக்குமே?

சட்டமன்றங்களை விட்டு வெளியேறுமாறு 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது. முத்துலட்சுமி காங்கிரஸ்காரர் அல்லர் என்பதால் அது அவரைக் கட்டுப்படுத்தவில்லை. அவர் தொடர்ந்து இருந்து, பொட்டுக்கட்டுத் தடை மசோதாவை அறிமுகமும் செய்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தை அடுத்து 1930 மே 5 அன்று காந்தி கைது செய்யப்பட்டார். அந்த அரசு தந்த நியமனத்தை வைத்துக்கொண்டு இனி அவையில் உட்கார முடியாது என்று அந்த மாதமே விலகினார்.

மசோதா அப்போது பொதுமக்கள் கருத்துக்காகச் சுற்றில் விடப்பட்டிருந்தது. அந்த அவையின் ஆயுளும் முடிந்துகொண்டிருந்தது. அதே ஆண்டில் புதுத் தேர்தல் வந்துவிட்டது. ஆகவே அவர் மேலும் சில மாதங்கள் இருந்திருந்தாலும் மசோதா நிறைவேறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அடுத்த அவைக்கும் வந்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்கலாம். அந்தப் பதினேழு ஆண்டுத் தாமதத்துக்கு அவருடைய விலகலும் ஒரு காரணம் என்பதை அவர்மீது அன்புள்ளவர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பதவி போனப்புறம் அரசியலை விட்டுட்டாங்களா?

நாற்காலியை விட்டார். பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த இளம்பெண்களை மற்ற விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்ததால், தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் தொடங்கியது இப்படித்தான். சட்டம் ஒரு பெண்ணை விடுவித்தால் அன்றிரவு அவள் எங்கே படுப்பாள் என்ற கேள்விக்குச் சட்டமன்றத்தில் விடை இல்லை. 1933-இல் லண்டனில், இந்தியாவுக்கான அரசியல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் இந்தியப் பெண்கள் அமைப்புகளின் சார்பில் சாட்சியம் அளித்த மூவரில் அவர் ஒருவர். மற்ற இருவர் ராஜகுமாரி அம்ரித் கௌரும் பேகம் ஹமீத் அலியும். பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டாம், எல்லோருக்கும் வாக்குரிமை கொடுங்கள் என்பது அந்த அமைப்புகளின் நிலைப்பாடு. தாம் நியமனத்தால் வந்தவராயிற்றே என்று கேட்கலாம். அந்த வழியின் வசதியும் சங்கடமும் அவரைவிட அறிந்தவர் அங்கே இருந்திருக்க மாட்டார்.

சத்தியமூர்த்திக்கு அவங்க கொடுத்த பதிலடியை ஏன் நீங்க போடலை?

தேவதாசி முறையை ஆதரித்த காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்குச் சொன்னதாக வரும் 'அது புண்ணியம் என்றால் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்' என்ற வசனத்தைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அது பல உருவத்தில் சுற்றுகிறது. ஒன்றில் சொன்னவர் முத்துலட்சுமி, இன்னொன்றில் பெரியார் சொல்லிக்கொடுத்து இவர் பேசினார். வசனமும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. மேடையில் கைதட்டல் வாங்கும். ஆனால் மேற்கோள் குறிக்குள் போட்டுப் பேசத் தகுந்ததன்று. 1929 சட்டத்தை இரண்டு நிமிடம் விளக்குங்கள், நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவங்க பேசினதை அப்படியே படிக்க முடியுமா?

முடியும். அந்தக் காலச் சட்டமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் தொகுதிகளாக அச்சிடப்பட்டவை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். பெயரைத் தேடுவதைவிட 1927 நவம்பர் தொடக்கத்துக் கூட்டத்தொடரை எடுத்துக்கொண்டு உட்காருவது எளிது. சட்டமன்றத்தில் பெற்ற அனுபவத்தை அவரே 1930-இல் ஆங்கிலத்தில் தனி நூலாகவும் எழுதியிருக்கிறார். பள்ளி மாணவர்கள் என்றால் ஆசிரியரையோ ஆங்கிலம் பழகிய ஒருவரையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.